கிராணி இல்லாத மெமரி

கம்ப்யூட்டர் சாமான் விலையைப் பத்தி இப்போ யார்கிட்ட வாயைத் திறந்தாலும் புலம்பல்தான். 2025 கடைசியில ஆரம்பிச்ச ஏத்தம் இது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி வித்தா லாபம் கொட்டுது. அதனால சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பெரிய கம்பெனிக்கும் நம்மள மாதிரி சில்லறை கிராக்கி கண்ணுலயே படுறதில்ல. அந்த வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான், கடையில ரேமும் எஸ்எஸ்டியும் வித்துக்கிட்டிருந்த தன்னோட 'குரூஷியல்' பிராண்டுக்கே மூடுவிழா அறிவிச்சிருச்சு. (பினாங்கு பத்து காவான்ல ஆலை போட்டிருக்கிற கம்பெனிதான் அது. ஆலை நம்ம மண்ணுல, சரக்கு வேற யாருக்கோ.)

விலை ஏறினா வைத்தியம் சொல்ல ஆளு வந்துடும்ல? வந்தாச்சு. "டிராயர்ல தூங்குற பழைய ஹேண்ட்போன், டேப்லெட், டிவி பாக்ஸ் எல்லாத்துக்குள்ளயும் மெமரி இருக்கு, பிரிச்சு எடுத்து கம்ப்யூட்டர்ல மாட்டிக்கோ"ன்னு வீடியோ மேல வீடியோ. பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஹாட் ஏர் கன்னை நாலு சுத்து சுத்துறாங்க, சிப் கழண்டு வருது, ஒரு குட்டி ரீடர்ல வச்சு அமுக்கினா திரையில புது டிரைவ் முளைக்குது. பின்னணியில டமால் டுமீல் மியூசிக். கீழ கமென்ட்ல நம்ம பசங்க, "லோயாட்ல யார் இதைச் செஞ்சு தருவாங்க பாஸ்?"

எரிச்சல் அங்கதான் ஆரம்பிக்குது.

அந்த வீடியோ பொய் கிடையாது. உண்மையில பாதியைத்தான் காட்டுது. பழைய சாதனத்துல இருக்கிற மெமரி கம்ப்யூட்டருக்கு ஆகுமா ஆகாதாங்கிறதை மெமரி தீர்மானிக்கிறதே இல்ல, அதோட சேர்ந்து என்ன கழண்டு வருதுங்கிறதுதான் தீர்மானிக்குது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது இந்த ஒண்ணுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டா எதைப் பிரிக்கணும், எதைத் தொடவே கூடாது, அடுத்த தடவை கடையில என்ன கேட்டு வாங்கணும்னு எல்லாமே தானா தெளிஞ்சிடும்.

முதல்ல ஒரு குழப்பத்தை ஒதுக்கி வச்சிடறேன். ஹேண்ட்போன் பெட்டியில "8 ஜிபி, 256 ஜிபி"ன்னு ரெண்டு எண் போட்டிருப்பான். முதல் எண் ரேம். கரண்ட் போனா அதுல ஒண்ணும் மிஞ்சாது. போன்ல அது போர்டோட ஒட்டியிருக்கும், பல மாடல்கள்ல பிராசசர் முதுகு மேலயே ஏத்தி ஒட்டியிருப்பாங்க. அதை எடுத்து லேப்டாப்ல போடலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. 2007ல விண்டோஸ் விஸ்டாவோட வந்த 'ரெடிபூஸ்ட்' காலத்துலேர்ந்தே "பென் டிரைவ் சொருகினா ரேம் கூடும்"ங்கிற நம்பிக்கை ஊருக்குள்ள உலாவுது. அது கூட்டினது ரேமை இல்ல, ஹார்ட் டிஸ்க் மெதுவா இருந்தா கைகொடுக்க ஒரு இடைத்தாங்கல், அவ்வளவுதான். நாம இங்க பேசப்போறது ரெண்டாவது எண்ணைப் பத்தி, அதாவது ஃபிளாஷ் மெமரியும் அதோட அண்ணன் ஹார்ட் டிஸ்க்கும்.

இப்போ வீடியோக்காரங்க காட்டாத பாதி. இன்னிக்கு போன்ல, பென் டிரைவ்ல, எஸ்எஸ்டியில இருக்கிறதெல்லாம் நேண்ட் ஃபிளாஷ். தோஷிபாவுல இருந்த ஃபுஜியோ மசுவோக்கா குழு 1987ல உலகத்துக்குக் காட்டின சங்கதி. மலிவு, சின்னது, கரண்ட் இல்லாமலும் நினைவு வச்சுக்கும். ஆனா தனியா விட்டா மகா சோம்பேறி, மகா மறதிக்காரன். புது சிப்லயே சில பகுதி கெட்டுப்போயிருக்கும். ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைதான் அழிச்சு எழுத முடியும், இப்போ பரவலா இருக்கிற ரகங்கள்ல அது சில ஆயிரம் தடவைக்குள்ள முடிஞ்சிடும். படிக்கும்போது பிட் தவறும், திருத்தணும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எழுதாம வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கணும். இத்தனையும் பார்த்துக்கிறதுக்கு ஒரு கண்ட்ரோலர் வேணும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு, இல்ல அப்படி வளர்ந்தவங்க பேச்சைக் கேட்டவங்களுக்கு, கிராணி யாருன்னு சொல்லத் தேவையில்ல. எந்த நிரையில யாரு, எந்த மரம் பட்டுப்போச்சு, யாருக்கு எத்தனை நாள் பேருன்னு எல்லாமே அவர் புத்தகத்துலதான். கண்ட்ரோலர்தான் மெமரியோட கிராணி. உங்க கல்யாண ஃபோட்டோவோட முதல் துண்டு எந்தப் பகுதியில, ரெண்டாவது துண்டு எங்க, எந்தப் பகுதி கெட்டதுன்னு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாத்தான் தெரியும். கிராணியை விட்டுட்டு சிப்பை மட்டும் தூக்கிட்டு வந்தா கையில இருக்கிறது ஆளில்லாத காடு.

இது ஏதோ நான் மண்டையைச் சொறிஞ்சு கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல, பழைய கேமரா கார்டுகளோட வரலாறே சாட்சி. 1994ல சான்டிஸ்க் கொண்டு வந்த காம்பேக்ட்ஃபிளாஷ் கார்டுக்குள்ளயே கண்ட்ரோலர் இருந்துச்சு. அதுவும் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் பேசுற அதே ஏடிஏ பாஷையிலேயே பேசும். அதனால சும்மா கம்பியை இங்கேயிருந்து அங்கே இழுக்கிற ஒரு சின்ன அடாப்டர் போதும், காம்பேக்ட்ஃபிளாஷ் கார்டு பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க்காவே ஓடும். இன்னிக்கும் தொண்ணூறுகளோட கம்ப்யூட்டர்களை உயிரோட வச்சிருக்கிறவங்க இதைத்தான் செய்யறாங்க. மறுபக்கம் பாருங்க. 1995ல தோஷிபாவோட ஸ்மார்ட்மீடியா, 2002ல ஒலிம்பஸும் ஃபியூஜிஃபில்மும் சேர்ந்து விட்ட எக்ஸ்டி கார்டு. ரெண்டுலயும் கார்டுக்குள்ள கண்ட்ரோலர் கிடையாது, கணக்கெல்லாம் கேமராதான் பார்த்துக்கணும். கார்டு ஒல்லியா அழகா இருந்துச்சு. ஸ்மார்ட்மீடியா 128 எம்பியோட நின்னுபோச்சு, எக்ஸ்டி 2 ஜிபியோட. கேமரா போச்சு, கூடவே கார்டும் போச்சு. மூணுக்குள்ளயும் இருந்தது ஃபிளாஷ் மெமரிதான். கூட ஒரு கிராணி வந்தவன் பிழைச்சான்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தப் பிரச்சினையே இல்ல, அதோட கண்ட்ரோலர் எப்பவும் அடிவயித்துல ஒட்டின பச்சை போர்டுலயே இருக்கும். அதனாலதான் ஹார்ட் டிஸ்க் இருக்கிற சாதனங்கள் எல்லாம் பிரிக்கிறவங்களுக்குப் பொன்முட்டை. 2004ல நடந்த கூத்தைச் சொல்லணும். சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 'முவோ ஸ்கொயர்'னு 4 ஜிபி பாட்டு பிளேயர் விட்டான். உள்ள இருந்தது ஹிட்டாச்சி மைக்ரோடிரைவ், காம்பேக்ட்ஃபிளாஷ் அளவுல ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க். அந்த டிரைவைத் தனியா வாங்கினா பிளேயரோட விலையைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. ஃபோட்டோகிராஃபர்கள் என்ன பண்ணுவாங்க? பிளேயரை வாங்கினாங்க, பிரிச்சாங்க, டிரைவைக் கேமராவுல போட்டாங்க. பாட்டு யாருக்கு வேணும்! பிளேஸ்டேஷன் 3, 4 ரெண்டும் அதே கதைதான். உள்ள சாதாரண இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க், மாத்திக்க சோனியே வழி விட்டிருந்தான். கன்சோல் செத்தாலும் டிஸ்க்கை எடுத்து ஃபார்மேட் பண்ணி, யுஎஸ்பி உறையில போட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும்.

நம்ம ஊருக்கு வருவோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடைன்னு எங்க நிமிர்ந்து பார்த்தாலும் சிசிடிவி. அந்த கேமராவுக்குப் பின்னால ஒரு டிவிஆர் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு மூணரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க். கேமரா சிஸ்டம் பழசாச்சுன்னு மொத்தத்தையும் தூக்கிப் போடும்போது அந்த டிஸ்க்கும் சேர்ந்து போயிடுது. வீட்டுல பார்த்தா ஆஸ்ட்ரோ பி.யாண்ட் பிவிஆர். வானவில், விண்மீன்ல வந்த நாடகத்தையெல்லாம் பதிவு பண்ணி வச்சுப் பார்த்த அந்தப் பெட்டிக்குள்ளயும் ஹார்ட் டிஸ்க்தான். பதிவான நாடகத்தை கம்ப்யூட்டர்ல பார்க்கலாம்னு கனவு காணாதீங்க, அது பூட்டின சரக்கு. ஆனா ஃபார்மேட் பண்ணிட்டா டிஸ்க் டிஸ்க்தான். (ஒரு விஷயம். சந்தாவோட வந்த பெட்டி உங்க சொத்தா, கம்பெனி சொத்தான்னு ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு அப்புறம் ஸ்க்ரூடிரைவரைத் தொடுங்க. சொந்தமில்லாததைப் பிரிச்சா அதுக்குப் பேரே வேற.) இதோட செத்துப்போன லேப்டாப்களையும் சேர்த்துக்குங்க. போர்டு போனாலும், திரை உடைஞ்சாலும், உள்ள இருக்கிற சாட்டா டிஸ்க்கோ எம்.2 எஸ்எஸ்டியோ பெரும்பாலும் நலமாத்தான் இருக்கும்.

சரி, ஸ்க்ரூவுல கழண்டு வந்தா எல்லாமே உதவுமா? அதுவும் இல்ல, கண்ட்ரோலர் கூடவே வந்தும் வாயைத் திறக்காத கேஸ் உண்டு. 2001ல வந்த முதல் எக்ஸ்பாக்ஸ்ல இருந்தது சாதாரண ஐடிஇ ஹார்ட் டிஸ்க்தான். ஆனா மைக்ரோசாஃப்ட் அதுக்கு ஏடிஏ பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சிருந்தான், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாவி. கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டினா திறக்காது. இதைவிட வேடிக்கை ஆப்பிள். 2022ல வந்த மேக் ஸ்டூடியோவைப் பிரிச்சுப் பார்த்தவங்க உள்ள கழட்டி மாட்டுற மாதிரி ஸ்டோரேஜ் மாட்யூல் இருந்ததைப் பார்த்துத் துள்ளினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மாட்யூல்ல இருக்கிறது வெறும் நேண்ட் சிப். கண்ட்ரோலர் ஆப்பிளோட பிராசசருக்குள்ள குடியிருக்கு. பிளக் இருக்கு, கிராணி இல்ல. வேற கம்ப்யூட்டர்ல எந்த ஸ்லாட்ல சொருகினாலும் அது பிளாஸ்டிக் துண்டுதான். ஆக, கணக்கு மூணு. மாட்டுறதுக்கு ஊருக்குத் தெரிஞ்ச ஒரு பிளக், கூடவே வர்ற ஒரு கண்ட்ரோலர், நம்ம கையில ஒரு சாவி. இந்த மூணும் இருந்தா தைரியமா கழட்டுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கையைக் கட்டிக்குங்க.

இந்த அளவுகோலை வச்சு ஹேண்ட்போன் சிப்பைப் பார்ப்போம். இங்கதான் வீடியோக்காரங்களுக்கு நான் நியாயம் செய்யணும். மலிவு போன்கள்லயும் டிவி பாக்ஸ்கள்லயும் இருக்கிறது ஈஎம்எம்சி. அதுக்குள்ள கண்ட்ரோலர் உண்டு! 1997ல சான்டிஸ்க்கும் சீமென்ஸும் கொண்டு வந்த எம்எம்சி கார்டோட வாரிசு அது. எஸ்டி கார்டுக்குச் சொந்தக்காரன். அதனாலதான் நாலஞ்சு கம்பியும் சரியான வோல்டேஜும் கொடுத்தா எஸ்டி கார்டு ரீடர்லயே வாயைத் திறந்து பேசுது. மந்திரம் இல்ல, பரம்பரை. ஆனா பிளக்? அதுதான் இல்லை. போர்டு மேல நூத்துச் சொச்சம் குட்டி சால்டர் உருண்டையில ஒட்டியிருக்கு. ஈயம் கலக்காத சால்டர் இளகவே 217 டிகிரிக்கு மேல வேணும். சில போன்ல சிப்புக்கு அடியில எபாக்சி பசையும் ஊத்தியிருப்பாங்க. பல மலிவு போன்ல ஸ்டோரேஜும் ரேமும் ஒரே சிப்புக்குள்ள இருக்கும், அதுக்கு வேற ரீடர். இத்தனையும் தாண்டி எடுத்தா என்ன கிடைக்கும்? பெரும்பாலும் 16 ஜிபி, 32 ஜிபி. ஹாட் ஏர் ஸ்டேஷன், ரீடர், உங்க சனிக்கிழமை எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா, மெமரி விலை ஏறின இந்தக் காலத்துலயும் கணக்கு உதைக்குது.

காசை விடுங்க, அந்தச் சிப் எவ்வளவு உழைச்சுக் களைச்சுப்போயிருக்குன்னு யாருக்குத் தெரியும்? டெஸ்லாவைக் கேளுங்க. 2012லேர்ந்து 2018 வரைக்கும் வந்த மாடல் எஸ், 2016லேர்ந்து 2018 வரைக்கும் வந்த மாடல் எக்ஸ் காடிகள்ல நடுத்திரைக்குப் பின்னால ஒரு 8 ஜிபி ஈஎம்எம்சி. காடி ஓயாம தன் நாட்குறிப்பை அதுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. எழுதி எழுதி சிப்போட ஆயுள் முடிஞ்சு, திரை செத்து, பின்பக்கக் கேமராவும் போச்சு. 2021 பிப்ரவரியில அமெரிக்காவுல கிட்டத்தட்ட 135,000 காடியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அவ்வளவு விலை உயர்ந்த காடியோட சிப்புக்கே அந்தக் கதின்னா, அஞ்சு வருஷமா வாட்ஸ்அப் குரூப்ல காலை வணக்கம் வாங்கிக் களைச்ச போனோட சிப்பை யோசிச்சுப் பாருங்க. 2013ல வந்த ஈஎம்எம்சி 5.0 தரத்துலேர்ந்து சிப்பே தன்னோட தேய்மானத்தைப் பத்து பத்து சதவீதமாச் சொல்லும், லினக்ஸ்ல ஒரு கட்டளை போட்டுப் படிக்கலாம். வீடியோல யாராவது அதைக் காட்டினாங்களா? பாருங்க, இருந்தா சொல்லுங்க.

கொஞ்சம் வசதியான போனுக்கு வந்தா நிலைமை இன்னும் இறுக்கம். 2015ல சாம்சங் கேலக்ஸி எஸ்6லேர்ந்து ஈஎம்எம்சிக்குப் பதிலா யுஎஃப்எஸ்ங்கிற வேற ரகச் சிப் வந்தாச்சு. அது எஸ்டி ரீடரோட பேசவே பேசாது, தனி ரீடர் வேணும். அதே வருஷம் ஐபோன் 6எஸ் என்விஎம்இங்கிற இன்னொரு ரகத்துக்கு மாறுச்சு. சாவி பிராசசருக்குள்ள, சிப்பைப் பிரிச்சா உள்ள இருக்கிறது வெறும் இரைச்சல். ஆண்ட்ராய்டும் 10ஆம் பதிப்புலேர்ந்து எல்லா போனுக்கும் என்கிரிப்ஷன் கட்டாயம்னு சொல்லிடுச்சு. உங்க ரகசியத்துக்கு இது நல்லது, நான் குறையே சொல்லமாட்டேன். ஆனா "சிப்பைக் கழட்டினா பழைய ஃபோட்டோவும் கிடைக்கும், ஸ்டோரேஜும் கிடைக்கும்"ங்கிற ஆசைக்கு அதுவே முற்றுப்புள்ளி.

"நம்ம பசங்க கைத்திறனைக் குறைச்சு எடை போடாதீங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். போடவே இல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, லோயாட்ல, பிஜே டிஜிட்டல் மால்ல மைக்ரோஸ்கோப்புக்கு அடியில உக்காந்து சிப் மாத்துற கைகளைப் பார்த்தா கும்பிடத் தோணும். செத்த போர்டுலேர்ந்து ஒரு கடையோட கணக்கையோ, இறந்துபோன அம்மாவோட குரலையோ மீட்கிறதுக்கு அந்தத் திறமையைக் கூப்பிடுங்க, கேட்ட காசைக் கொடுங்க. அங்க சிப்புல இருக்கிற விஷயத்துக்கு விலை. 32 ஜிபி காலி இடத்துக்காக அதே ஆளைக் கூப்பிடுறது அவர் நேரத்தையும் உங்க காசையும் சேர்த்து எரிக்கிறது.

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. "அப்போ தூக்கிப் போட்டுடலாமா? குப்பைதானே சேரும்?" நியாயமான கவலை. மலேசியாவுல மின்சாதனக் கழிவு சும்மா குப்பை இல்ல, 2005ஆம் ஆண்டு விதிமுறையில எஸ்டபிள்யூ 110னு எண் போட்ட திட்டமிடப்பட்ட கழிவு. 2025 ஜனவரி 1லேர்ந்து பாசெல் ஒப்பந்தத்துல எல்லா மின்கழிவும் நாடு விட்டு நாடு போக முன்கூட்டியே சம்மதம் வாங்கணும்னு ஆயிடுச்சு. போர்ட் கிள்ளான் வழியா ஊர்க் குப்பையெல்லாம் வந்து இறங்குதேன்னு கொதிக்கிற நமக்கு இது முக்கியம். மறுபயன்பாடு நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா சிப்பைப் பிடுங்கிப் புதுசா வேஷம் போடுறது மறுபயன்பாடுன்னு நினைச்சுட்டா மோசம் போவோம். சீனாவுல இது பெரிய தொழில். பழைய போன் சிப்பைக் கழட்டி, மலிவு பென் டிரைவ்ல ஒட்டி, "புதுசு"ன்னு விக்கிறாங்க. 2021ல ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடங்கின ஒரு குழு இப்படிப் புதுசா வித்த 614 மலிவு பென் டிரைவை வாங்கிக் குடைஞ்சு பார்த்தாங்க. 75ல முன்னாடி வச்சிருந்தவங்களோட தகவல் உள்ளயே கிடந்துச்சு. நூத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல! 2024ல ஜெர்மனி சிபிஎல் தகவல் மீட்பு நிறுவனமும் அதே புலம்பல். கெட்டுப்போய் வந்த பென் டிரைவ்களுக்குள்ள கம்பெனிப் பேரைச் சுரண்டி எடுத்த சிப், சிலதுல மைக்ரோஎஸ்டி கார்டையே ஒட்டி வச்சிருந்தாங்களாம். உங்க தாமான்ல மைக் வச்சு "சூராட் கபார் லாமா"ன்னு கத்திக்கிட்டு வர்ற லோரியில பழைய போனை அப்படியே கொடுக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். என்கிரிப்ஷன் இருக்கிற போன்னா ஃபேக்டரி ரீசெட் பண்ணினாலே சாவி அழிஞ்சிடும். அதுக்கும் முந்தின பழம்போன்னா, அங்கீகாரம் உள்ள மின்கழிவு நிலையத்துக்கே போகட்டும்.

நம்ம கிள்ளான் பள்ளத்தாக்கே இதுக்கு ஒரு பாடம் வச்சிருக்கு. பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹார்ட் டிஸ்க் ஆலை ரொம்ப காலம் ஓடுச்சு. 2018 ஜூலையில மூடப்போறதா அறிவிச்சாங்க, 2019 கடைசிக்குள்ள கதை முடிஞ்சுது. டிஸ்க் செஞ்ச அதே வட்டாரத்துல அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? 2025 மே மாசம் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்குல சீகேட் ஆட்களும் மலேசிய அதிகாரிகளும் சேர்ந்து சோதனை போட்டாங்க. கிட்டத்தட்ட 700 சீகேட் டிஸ்க். எல்லாம் உழைச்சு ஓய்ஞ்ச பழசு. ஓடின மணிக்கணக்கை அழிச்சு, துடைச்சு, புது லேபிள் ஒட்டி, ஷாப்பி, லசாடா வழியா புதுசா விக்கிற வேலை நடந்திருக்கு. இந்த மோசடியில சுத்தின டிஸ்க்கெல்லாம் பெரும்பாலும் சியாங்கிற கிரிப்டோ நாணயம் தோண்டிக் களைச்சவைன்னு பேச்சு. கவனிங்க, பழைய டிஸ்க்கை விக்கிறது குத்தமே இல்ல. பழசுன்னு சொல்லி, எத்தனை மணிநேரம் ஓடுச்சுன்னு காட்டி, அதுக்கேத்த விலைக்கு வித்திருந்தா அது ஊருக்கு நல்ல காரியம். அந்தக் கணக்கை மறைச்சதுதான் திருட்டு.

"அப்போ நீங்க சொல்ற டிவிஆர் டிஸ்க்கை மட்டும் எப்படி நம்புறது?" கேப்பீங்கன்னு தெரியும். நம்பாதீங்க, படிங்க. ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட்னு ஒரு பதிவேடு வச்சிருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி இலவச மென்பொருள் போதும். ஒரு வருஷம் நிக்காம ஓடினா 8,760 மணிநேரம். டிவிஆர்ல அஞ்சு வருஷம் கிடந்தது 40,000க்கு மேல காட்டலாம், அதுல தப்பில்ல. கெட்டு மாத்தின செக்டர், காத்திருக்கிற செக்டர்னு ரெண்டு வரி இருக்கும். அது பூஜ்ஜியத்துல இருந்து ஏற ஆரம்பிச்சிருந்தா டிஸ்க்கை விட்டுடுங்க. சீகேட்ல ஃபார்ம்னு இன்னொரு ஆழமான பதிவேடு உண்டு. ஸ்மார்ட் கணக்கை அழிச்ச மோசடிக்காரங்க பல பேர் மாட்டினது இதுலதான். (அதையும் அழிக்கக் கத்துக்கிட்டாங்கன்னும் கேள்வி. திருடன் பள்ளிக்கூடம் லீவே விடமாட்டான் போல.) கார்டு, பென் டிரைவ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ இல்ல எஃப்3 ஓட்டி முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க. லேபிள்ல 1 டெராபைட்னு போட்டுட்டு உள்ள 32 ஜிபி வச்சிருக்கிற சரக்கெல்லாம் அங்க கோவணத்தோட நிக்கும்.

அப்படித் தேறினதையும் எதுக்கு வச்சுக்கலாம்? ரெண்டாவது பிரதிக்கு. மூணாவது பிரதிக்கு. படம், பாட்டு, கேம்னு போனாலும் அழவேண்டாத சரக்குக்கு. பிள்ளையோட எஸ்பிஎம் சான்றிதழ் ஸ்கேனுக்கு ஒரே இருப்பிடமா வைக்காதீங்க. ஃபிளாஷ் சிப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. எழுத்து ஆயுளை முடிச்ச நிலையில ஒரு சாதாரண எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் தகவலை வச்சிருந்தாப் போதும்ங்கிறதுதான் ஜெடெக் தர அளவு. சூடு கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். மத்தியானம் 32, 33 டிகிரி தொடுற நம்ம ஊர்ல, பூட்டின வீட்டு அலமாரியில ரெண்டு வருஷம் போட்டு வச்சுட்டு "எங்கே என் ஃபோட்டோ?"ன்னு கேட்டா யாரைக் குத்தம் சொல்றது?

பிரிக்க முடியாத போனை என்ன பண்றதுங்கிறதுக்கும் பதில் அதே தர்க்கத்துலயே இருக்கு. பிளக்கும் கண்ட்ரோலரும் சாவியும் போனுக்குள்ளதான் இருக்குன்னா, மொத்தப் போனையுமே ஸ்டோரேஜா வச்சுக்குங்க. கேபிள் போட்டா பழைய கால பென் டிரைவ் மாதிரி டிரைவ் எழுத்தோட வராது, ஆண்ட்ராய்டு அதை எப்பவோ விட்டுட்டு எம்டிபிக்கு மாறிடுச்சு. ஆனா எஃப்டிபி சர்வர் ஆப் ஒண்ணு, இல்ல சின்க்திங் மாதிரி ஒண்ணு போட்டா வீட்டு வைஃபையிலேயே கோப்பு போய் வரும். வேகம்? மெதுவாத்தான் இருக்கும். ஆனா ராத்திரி தானா பேக்கப் எடுக்கிறதுக்கு வேகம் எதுக்கு? பேட்டரியை மட்டும் கவனிங்க, வருஷம் முழுக்க சார்ஜர்லயே கிடந்தா உப்பும். உப்பின போனை அன்னிக்கே கரண்ட்லேர்ந்து எடுத்துடணும், அதுல பேச்சே இல்ல. போன்ல மைக்ரோஎஸ்டி கார்டு இருந்தா அதுதான் முழு லாபம். பிளக்கு, கண்ட்ரோலர் ரெண்டும் உண்டு. போனோட சாவியில பூட்டியிருந்தாலும் ஃபார்மேட் பண்ணினா உங்க பக்கம் வந்துடும்.

இவ்வளவு பேசினப்புறம் கடைசியா ஒரு முணுமுணுப்பு மிச்சம் இருக்கும். "ஒட்டி வச்சது கம்பெனிக்காரன், பழி மட்டும் நமக்கா?" ஒட்டினா போன் ஒல்லியாகும், வேகம் கூடும். அதெல்லாம் நிஜமான லாபம், நான் மறுக்கலை. ஆனா கனமான டிவி பாக்ஸுக்கும், புத்தகம் மாதிரி தடிச்ச மலிவு லேப்டாப்புக்கும் அந்தச் சாக்கு எடுபடாது. அங்க ஒட்டினது அவனுக்கு நாலு காசு மிச்சம், நமக்கு அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு குப்பை. ஹாட் ஏர் கன்னால அதைச் சரிபண்ண முடியாது, வாங்குற இடத்துலதான் முடியும். அடுத்த தடவை லேப்டாப்போ டேப்லெட்டோ வாங்கப் போறப்போ எத்தனை ஜிபின்னு கேட்கிறதுக்கு முன்னால, "ஸ்டோரேஜ் கழட்டுறதா, ஒட்டினதா? எம்.2 ஸ்லாட் இருக்கா? மைக்ரோஎஸ்டி போகுமா?"ன்னு கேளுங்க. "ஒட்டினதுதான் அண்ணே, இப்போ எல்லாமே அப்படித்தான்"னு கடைக்காரர் இழுத்தார்னா முகத்தைச் சுளிக்காதீங்க. அந்த மெமரி உங்களுக்கு ஒரு பிறவிக்கு மட்டும்தான் உழைக்கப்போகுது, அதுக்கும் சேர்த்து விலையில கழிக்கச் சொல்லுங்க.